பல்கலைக்கழகப் பணியாளர் ஆளுகை: சேலம் வட்டாரம்

பல்கலைக்கழகத்தை நடத்தும் முடிவுகளில் அங்கு வேலை செய்வோருக்கு உள்ள இடத்தையும், அவர்களது பணிநிலைமையைப் பேணும் விதிகளையும் அமைப்புகளையும் பணியாளர் ஆளுகை குறிக்கும். பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர்கள், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் இதில் அடங்குவர். ஏற்காடும் மாரமங்கலமும் அமைந்த சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை இதற்கு இரண்டு களங்கள் உள்ளன. ஒன்று, மலையடிவாரத்தில் கருப்பூரை அடுத்த பெரியார் பல்கலைக்கழகம். மற்றொன்று, ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்.

சேலம் வட்டாரக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1997ஆம் ஆண்டு சட்டத்தின்படி அவை பிரிக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்தநாளில், பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களைப் போலவே இங்கும் ஆளுநர் வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். செனட் எனப்படும் ஆட்சிப்பேரவை பரந்த விவாத மன்றம். நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை போன்ற அன்றாட அதிகாரம் சிண்டிகேட் எனும் ஆட்சிக்குழுவிடம் உள்ளது. அதன் கூட்டங்களுக்குப் பதிவாளர் செயலாளராக இருந்து நிகழ்ச்சிநிரலைத் தயாரிக்கிறார். ஒரு கோரிக்கை ஆட்சிக்குழுவின் பொருள்நிரலில் ஏறினால்தான் ஊழியருக்கு விடிவு. அதற்கு முன் அது அலுவலகக் கோப்பில் எத்தனை மாதம் கிடக்கும் என்பதே பல சங்கங்களின் தலையாய கவலை.

துணைவேந்தர் இல்லாதபோது அந்தக் கவலை இரட்டிப்பாகிறது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 முதல் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதலின்றிக் கிடந்த மசோதாக்கள் சட்டமாகிவிட்டதாக உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. நியமன அதிகாரம் தொடர்பான பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மே மாதம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்களின் நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுக்களின் கைக்குச் சென்றது. இத்தகைய குழு வழக்கமான கோப்புகளை நகர்த்தலாம். நீண்டகால நியமனங்களும் பதவி உயர்வுகளும் தேங்குவதே வழக்கம். அந்தச் சுமை கீழ்நிலைப் பணியாளர்மேல்தான் முதலில் விழுகிறது.

சங்கங்களின் வலிமைக்குப் பெரியார் பல்கலைக்கழகமே சான்று. பல்கலைக்கழகத்தின் பெயரில் முறையான அனுமதியின்றித் தனி நிறுவனம் தொடங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு, ஊழியர் சங்கத்தின் சட்ட ஆலோசகர் தந்த புகாராகக் காவல் துறைக்குச் சென்றது. அப்போதைய துணைவேந்தர் 2023 டிசம்பரில் கைதாகி, இடைக்காலப் பிணையில் வெளிவந்தார். குற்றச்சாட்டுகளின் உண்மை நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. ஆனால் உயர்பதவியில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு, பேரவைக்கு வெளியே ஊழியர் அமைப்பின் வழியாகவும் திறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பணியிடப் பாதுகாப்பில் மிகத் தெளிவான விதிகள் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கு உள்ளன. உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு, 2013ஆம் ஆண்டுச் சட்டம், அதையொட்டிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் என இவை வளர்ந்தன. ஒவ்வொரு வளாகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஆசிரியர் தலைமையில் இரு ஆசிரியர்கள், இரு ஆசிரியரல்லாப் பணியாளர்கள், வெளி அமைப்பைச் சேர்ந்த ஒருவர் என அதன் அமைப்பு அமையும். மாணவர் தொடர்புடைய வழக்கில் மாணவர்களும் சேர்வர். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள். துணைவேந்தரோ பதிவாளரோ துறைத்தலைவரோ இதில் உறுப்பினராக முடியாது. பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். எழுத்தருக்கும் உதவியாளருக்கும் விதியிலேயே இருக்கை ஒதுக்கியிருப்பது இதன் பெரும் சிறப்பு.

ஊதியமும் ஓய்வூதியமும் மாநில அரசின் முறையை ஒட்டியே நடக்கின்றன. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. பழைய ஓய்வூதியத்தை மீட்பது அதன்பின் சங்கங்களின் நீங்காத கோரிக்கையானது. அரசு ஊழியர்க்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஓராண்டாக உயர்ந்தது. மலைப்பகுதியில் பணியாற்றும் அரசு ஊழியர்க்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மூடுபனியில் மிளகுக் கொடியையும் காப்பிச் செடியையும் கவனிக்கும் பணிக்கு இத்தகைய படி சலுகையல்ல, நியாயம்.

இந்த ஏற்பாடுகளின் பெரும் குறை, தொகுப்பூதியத்திலும் தினக்கூலியிலும் இருப்போரைத் தொடாமல் விடுவது. பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கும், நாற்றங்காலில் பை நிரப்பும் தோட்டத் தொழிலாளிக்கும் ஓய்வூதியம் இல்லை. நிரந்தரப் பணியாளருக்கான வாக்குரிமையும் பதவி உயர்வும் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஆனால் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஊழியர்’ என்பதில் தற்காலிகப் பணியாளர், தினக்கூலியாளர், ஒப்பந்தப் பணியாளர், பயிற்சியாளர் அனைவரையும் சேர்க்கிறது. ஒப்பந்ததாரர் அனுப்பிய துப்புரவுப் பெண்ணும் வளாகத்தின் உள்ளகக் குழுவிடம் நேரே புகார் தரலாம்.