செவிகளின் விலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கப்பல் கட்டும் தொழிலில் உலகப் புகழ் பெற்று விளங்கியது. கிளைட் ஆற்றங்கரையில் உருவான நீராவிக் கப்பல்கள் உலகக் கடல்களெங்கும் உலவின. அவற்றின் கொதிகலன்களைச் செய்த மனிதரைப் பற்றியோ வரலாறு அதிகம் பேசுவதில்லை.

இரும்புத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்தே கொதிகலன்கள் ஆக்கப்பட்டன. ஒருவன் கலனின் உள்ளே ஒடுங்கியிருந்து, காய்ந்து சிவந்த ஆணியைத் தாங்கிப் பிடிப்பான். வெளியே நிற்போர் அதன் மறுமுனையைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்குவர். ஓங்கி அடிக்கப்படும் கோயில் மணியின் உள்ளே ஒரு மனிதனை நாள் முழுவதும் இருத்தி வைத்தாற் போன்றது அவ்வேலை.

இத்தொழிலாளரைக் கிளாஸ்கோவின் செவிநோய் மருத்துவர் தொமஸ் பார் ஆராய்ந்து, 1886ஆம் ஆண்டிலே தமது முடிவுகளை வெளியிட்டார். கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்போர் 100 பேர், தபாற்காரர் 100 பேர் என மூன்று பிரிவினரை ஒப்பிட்டார். கடிகாரத்தின் ஓசை எவ்வளவு தூரத்திற் கேட்கிறது என்பதே அவர் கைக்கொண்ட அளவுகோல். கொதிகலன் தொழிலாளருள் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் உரை கேட்க முடிகிறதா எனவும் அவர் வினவினார். கொதிகலன் தொழிலாளருள் 75 பேர் இடர்ப்பட்டனர், அல்லது கேட்கவே இயலாதிருந்தனர். தபாற்காரருள் அத்தகையோர் 8 பேர் மட்டுமே.

இஃது எவரும் அறியாத புதுமையன்று. இத்தாலிய மருத்துவப் பேராசிரியர் இரமசீனி, 1700ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்து 1713இல் விரிவுபெற்ற தமது தொழில்நோய் நூலிலே, வெனிசு நகரத்துச் செப்புக் கொல்லர் ஓயாத சம்மட்டி ஓசையாற் செவிடாவதை எழுதியிருந்தார். 1890இல் ஹாபர்மான் என்னும் மருத்துவர், இரும்படித்துச் செவிடாகி இறந்த தொழிலாளி ஒருவரின் உட்செவியை ஆராய்ந்து, அங்குள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்திருக்கக் கண்டார். அழிந்த அக்கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலால் இந்நோய்க்குத் தடுப்பு உண்டு, மீட்சி இல்லை.

நோய் வருமுறையும் வஞ்சகமானது. வேலை முடிந்ததும் காது இரையும், காலையில் தெளிந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தெளிவு குறையும். செக்கனுக்கு 4000 அதிர்வுகளை அண்டிய உயர்சுருதி ஒலிகளே பெரும்பாலும் முதலில் மறையும். பேசுவது கேட்கும், சொல் விளங்காது. செவிமானி வரைபிலே அவ்விடத்தில் ஒரு பள்ளம், இரு செவியிலும் ஏறத்தாழ ஒத்த இழப்பு, நெடுங்கால இரைச்சற் பணி ஆகிய மூன்றும் சேர்ந்தால் நோயை ஐயுறுவது எளிது.

காரணமும் நோயும் இவ்வாறு தெரிந்திருந்தும் பரிகாரம் ஏன் வரவில்லை? செவிடானவன் தொடர்ந்து ஆணி அடித்தான், உற்பத்தி குறையவில்லை. கூலி குறையாதவிடத்து நட்டம் ஏது என்று முதலாளிகள் வாதிட்டனர். அமெரிக்காவில் இவ்வாதத்தை நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1948இல் நிராகரித்தது. கூலியை இழக்காதவனும் செவியை இழந்தமைக்கு ஈடு பெறலாம் என்பது நிலைபெற்றது. பிரித்தானியாவிலோ 1975ஆம் ஆண்டளவிலேயே இக்குறைபாடு அரச நட்டஈட்டுக்குரிய தொழில்நோயாயிற்று. அதுவும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும்.

1984இல் தைன் ஆற்றங்கரைக் கப்பற்றளத் தொழிலாளரின் வழக்கிலே வழங்கப்பட்ட தீர்ப்பு நம் சிந்தனைக்குரியது. இரைச்சல் பற்றிய அரசாங்கக் கைநூல் வெளிவந்த 1963 முதற்கொண்டே முதலாளிமார் கவனக்குறைவுக்குப் பொறுப்பாளிகள் என நீதிமன்றம் கொண்டது. அதற்கு முன் ஏற்பட்ட இழப்புக்கு ஈடில்லை. பார் எழுதியது 1886இல். முதலாளியின் அறிவு சட்டத்தின் முன் பிறந்தது 1963இல். இடைப்பட்ட 77 ஆண்டுகளில் எத்தனை தொழிலாளர் செவியிழந்தனரோ!

தடுக்கும் வழி இன்று தெளிவு. எட்டு மணி நேரப் பணிக்கு 85 தெசிபெல் எல்லையெனப் பல நாடுகள் கொள்கின்றன. அளவு 3 தெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். ஆகவே பணிநேரம் பாதியாக வேண்டும். முதலில் இயந்திரத்தின் இரைச்சலைக் குறைத்தல்; அடுத்து அதனை மூடி மறித்தல்; பின் தொழிலாளி அதனருகே நிற்கும் நேரத்தைச் சுருக்குதல்; இவற்றாலும் தீராத எச்சத்திற்கே காதடைப்பான். ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் காதடைப்பானே மலிவு. அதனை மட்டும் கொடுத்துவிட்டு, அணியாதவன்மேற் பழியைச் சுமத்துவது எளிது. நோயின் பொறுப்பு இயந்திரத்திற்கு உரியவனிடமிருந்து செவிக்கு உரியவனிடம் மாறுவது இவ்வாறே.

பார் பொதுக்கூட்டத்தைப் பற்றிக் கேட்ட வினாவை நாம் மறத்தலாகாது. கூட்டத்தில் உரை கேளாதவன் தொழிற்சங்கத்தில் தன் தோழன் கூறுவதையும் கேளான். வீட்டிலே குழந்தையின் மழலையையும் கேளான். இரைச்சல் அவனிடமிருந்து பறித்தது ஒரு புலனை மட்டுமன்று. பிறரோடு கூடி நிற்கும் வலிமையையுமாகும். இயந்திரம் ஓயாது ஒலிக்கும் எந்தப் பட்டறையிலும் அவ்வினாவை இன்றும் நாம் கேட்கவேண்டியவர்களாய் உள்ளோம்.