உடுவில் விடுதிப் பள்ளியும் யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பமும்

மிஷன் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளியின் வாசலில் நின்றே எழுதுகின்றனர். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்று கணக்கிடுகின்றனர். அப்பிள்ளைகள் விட்டு வந்த வீட்டின் வாசலில் நின்று நோக்கினால் அதே வரலாறு வேறு விதமாகத் தோன்றும். இலங்கைத் தீவின் வடகோடியிலுள்ள யாழ்ப்பாணம் இதற்குத் தக்க சான்றாகும்.

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் ஊழியம் செய்யும் நமக்குத் திருநெல்வேலிச் சபையின் வரலாறு பழக்கமானது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் சபையில் சேர்ந்தனர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே பெரும்பாலும் தனியொரு பிள்ளையே, பள்ளியின் வழியாக, சபைக்குள் வந்தது. ஆகவே குடும்பத்தைப் பற்றிய கேள்வி தொடக்கமுதல் அம்மிஷனை விடவில்லை.

1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனெரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையாரின் பொறுப்பில் பெண்கள் விடுதிப் பள்ளியும் உருவாயின. விடுதி முறையின் நோக்கம் வெளிப்படையானது: பிள்ளையை வீட்டுச் சூழலிலிருந்து பிரித்து, புதியதொரு குடும்பத்தில் வளர்ப்பது. உதவிப் பணம் அனுப்பிய அமெரிக்க நண்பர்களின் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. பெயரே மாறியபோது, பெற்றோர் எதை அஞ்சினர் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

ஆயினும் பெற்றோர் வாய்மூடி இருக்கவில்லை. அவர்களுடைய எதிர்ப்பு முதலில் உணவில் வெளிப்பட்டது. கிறிஸ்தவரின் வளவில் சமைத்த சோற்றை உண்பது குலத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டமையால், வட்டுக்கோட்டை மாணவரின் சமையற்கூடம் தொடக்கத்தில் மிஷன் நிலத்துக்கு வெளியே சைவர் ஒருவரின் காணியில் அமைக்கப்பட்டது. மிஷனெரிமார் விட்டுக்கொடுத்தனர், பெற்றோரும் விட்டுக்கொடுத்தனர். இவ்விரு தரத்தாரின் இணக்கத்தினாலேயே பள்ளி நிலைத்தது.

பெண்பிள்ளையைப் பற்றிய கவலை இதனினும் ஆழமானது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தின்படி, சீதனம் மகளுக்குரிய சொத்து. குடும்பக் காணியில் அவளுடைய பங்கு திருமணத்தின்போது அவ்வழியே அவளைச் சேர்ந்தது. மதம் மாறிய மகளுக்குச் சீதனம் மறுக்கப்படுமாயின், அவள் இழப்பது மணமகனை மட்டுமன்று. நிலத்தையும் உறவையும் சேர்த்தே இழப்பாள். இதை அறிந்த மிஷன், படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த உடுவில் பெண்களுக்குத் தானே ஒரு சிறு சீதனம் அளித்தது. தந்தையின் கடமையை மிஷன் ஏற்றது எனலாம். அதே வேளையில், சீதனம் என்னும் வழக்கத்தைச் சபைக்குள் நிலைபெறச் செய்ததில் அதற்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

1840இல் வந்த எலைசா அக்னியு அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் பணியாற்றினார். ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே மரித்தார். அவரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றனர். முதல் மாணவிகளின் மகள்மாரும் பின்னர் பேத்திமாரும் அவரிடமே வந்தனர். இங்கே ஒரு மாறுதலை நாம் கவனிக்க வேண்டும். முதல் தலைமுறையில் வீட்டுக்கு எதிராக நின்ற பள்ளி, மூன்றாம் தலைமுறையில் வீட்டின் வழக்கமாயிற்று. உடுவிலில் கற்ற தாய் தன் மகளை அங்கு அனுப்பியபோது, பிரிவு என்பது மரபாக மாறியது.

1855இல் ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் தீர்மானத்தால் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி ஊழியரைவிட உத்தியோகத்தரையே மிகுதியாக உருவாக்குகிறது என்பது குழுவின் குறை. பெற்றோரின் நோக்கில் அது குறையன்று. அதற்காகவே அவர்கள் பிள்ளைகளை அனுப்பினர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். இதற்கு முன்னரே, 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியை நிறுவியிருந்தார். 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார். பெண் கற்க வேண்டும் என்பதில் இரு சமயத்தாரும் ஒன்றுபட்டனர். யாருடைய வீட்டுப் பெண்ணாக அவள் கற்க வேண்டும் என்பதிலேயே வேறுபட்டனர்.

இவ்வரலாற்றில் ஒரு நிழலும் உண்டு. விடுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேளாளர் குடும்பத்தினர். குலத்தைக் கடந்த ஒரே பந்தி என்னும் நற்செய்தியின் கோரிக்கை, கல்வியின் வேகத்தில் சபையை அடையவில்லை. குடும்பத்தை மாற்ற விரும்பிய பள்ளி, குடும்பத்தின் குல எல்லையைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

இது நமக்குப் புறத்தேயுள்ள கதையன்று. 1834இல் மதுரை மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்தே தொடங்கப்பட்டது. 1947இல் யாழ்ப்பாணமும் தென்னிந்தியத் திருச்சபையின் ஓர் அத்தியட்சாதீனமாயிற்று. ஆகவே அதன் கேள்வி நம்முடைய கேள்வியுமாகும். நம் விடுதிகளில் சேரும் பிள்ளை எவ்வளவு கற்கிறது என்று கேட்பதோடு நிற்கலாகாது. அப்பிள்ளை விடுமுறைக்குத் திரும்பும் வீட்டுக்குச் சபை என்ன செய்தது, அங்கே மகளின் திருமணத்தை இன்னும் ஆள்வது நற்செய்தியா, சீதனமும் சாதியுமா என்றும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.