கேஸ் முன்னால் நின்றவர்கள்

ம.பொ.சிவஞானம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தறியில் உட்கார்ந்து நெய்தார். பிறகு வரதராஜுலு நாயுடு நடத்திய ‘தமிழ்நாடு’ பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார். சிலப்பதிகாரம் பேசியதும் சட்ட மேலவைத் தலைவரானதும் அதற்கு அப்புறம். விந்தன் ‘ஆனந்த விகடன்’ அச்சகத்தில் கம்பாசிட்டர். ‘கல்கி’க்கு மாறி, அங்கேயும் எழுத்துக் கோத்துக்கொண்டே கதை எழுதி, ஆசிரியர் குழுவுக்குள் போனார். ஜெயகாந்தன் சிறு வயதில் பொதுவுடைமைக் கட்சியின் ‘ஜனசக்தி’ அச்சகத்தில் வேலை பார்த்தவர்.

எங்கள் பக்கத்துக் கம்பாசிட்டர்கள் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் இந்த மூன்று பெயரும் கட்டாயம் வரும். நான் பாளையங்கோட்டையில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு, ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைக்கப்பட்டவள். அதே கூடத்தின் மறுபாதியில் கடைசித் தலைமுறைக் கம்பாசிட்டர்கள் ஈய எழுத்துத் தட்டான கேஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பார்க்கிற வேலையை விட்டு வேறொன்றுக்குப் போகலாமா, எப்படிப் போவது என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். என்னால் பொதுப்படையாகப் பேச முடிவதில்லை. ஒரு தொழிலே பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கண்முன்னால் இல்லாமல் போனது. அதிலிருந்து யார் எப்படிக் கரையேறினார்கள், யாரால் முடியவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

தொழில் பழையது. 1578ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் 1713ல் அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் பொறையாறில் எழுத்து வார்க்கும் பட்டறை வைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு, கப்பலில் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய உறைகளை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். 1715ல் புதிய ஏற்பாடு முழுமையாக வந்தது. 1835ல் அச்சுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு நம்மவர்கள் தாராளமாக அச்சகம் வைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1849ல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். எங்கள் திருநெல்வேலியில் 1920ல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொடங்கியது. பழைய புத்தகங்களின் முகப்பில் பதிப்பித்தவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். கோத்தவர் பெயரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன்; கண்ணில் பட்டதே இல்லை.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாய்வான மேசையில் மரத்தட்டு, அதுதான் கேஸ். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. அடிக்கடி வருகிற ‘க’, ‘து’, ‘ம்’ எல்லாம் கைக்கு எட்டுகிற பெரிய அறைகளில். இடது கையில் வரி கோக்கிற ஸ்டிக். வலது கை எழுத்தை எடுத்து வைக்கும், இடது கட்டை விரல் அது சாயாமல் பிடித்துக்கொள்ளும். எழுத்தின் உடம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது விரலில் தட்டுப்பட்டால் நேரா தலைகீழா என்று பார்க்காமலே தெரிந்துவிடும். ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, ககரம், கால் என்று மூன்று தடவை கை போக வேண்டும். வரி நிறைந்ததும் இடையில் ஸ்பேஸ் செருகி இறுக்க வேண்டும். ஸ்டிக் நிறைந்தால் ‘கேலி’ என்ற தட்டுக்கு மாற்றி, பக்கம் சேர்ந்ததும் கயிறு சுற்றிக் கட்டி, புரூஃப் எடுக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்து தீர்ந்துபோனால் வேறொரு எழுத்தைத் தலைகீழாகச் செருகி இடம் பிடித்து வைப்பார்கள். புரூஃபில் அது கறுப்புக் கட்டமாக விழும். ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்களின் தொகுதிதான் பாரம்; அச்சடித்த பாரத்தைப் பிரித்து எழுத்தெல்லாம் அறைக்குத் திரும்பினால்தான் அடுத்த பாரம். பிரித்துப் போடுவதே பாதி நாள் வேலை. சாயங்காலம் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெறும் தண்ணீரில் நனைத்த கைதான். ஈயம் வயிற்றுக்குள் போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இவர்கள் மாற்றமே காணாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரியார் 1935லேயே ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978ல் ஆணையாகப் போட்டது. பழைய ணா, றா, னா, கொம்பு வளைந்த பழைய லை, னை என்று 13 எழுத்துகள் மாறின. நான் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்ட மூத்த கம்பாசிட்டர் அதைப் பற்றிச் சொல்வார்: “பெட்டி குறைஞ்சுது, எடுப்பு கூடிப்போச்சு.” முன்பு ஒரே அச்சாக இருந்த லை இப்போது இரண்டு அச்சு. காலியான அறைக்கே கை போய்ப் போய் வந்ததாம். ஒரு பழக்கத்தை விரலிலிருந்து இறக்கி இன்னொன்றை ஏற்றுவது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. பின்னால் அது அவருக்குக் கைகொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

உலகத்துக்கு பேஜ்மேக்கர் 1985ல் வந்துவிட்டது. மாவட்டத் தலைநகரங்களுக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. பெரிய பத்திரிகைகள் முன்பே மாறியிருந்தன. எங்களைப் போன்ற ஊர்களில் முதலில் மினி ஆப்செட் வந்தது. அதற்குப் பட்டர் பேப்பரில் லேசர் பிரின்ட் எடுத்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர், அதற்கு டைப்ரைட்டிங் தெரிந்த ஒரு பெண். அப்படித்தான் நான் உள்ளே போனேன். ஆண்கள் நின்று பார்த்த வேலை, பெண்கள் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஆகிவிட்டது. என் வேலை அவர்கள் வேலையைத் தின்றது. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

அண்ணாச்சிக்கு அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கேஸ் வேலை இன்னும் முழுதாக ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு நடுவில், சாயங்கால பேட்சில். சேர்ந்தவுடன் முதலாளியிடம் போய், கேஸ் வேலையைப் பாதி நாளாக்கிவிட்டு மீதி நேரம் கம்ப்யூட்டர் பக்கம் நிற்க விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சம்பளம் குறைந்தது. வீட்டில் அவர் மனைவி பீடி சுற்றினார். அந்தக் கூலியில்தான் அந்த வருஷங்கள் ஓடின. தொழில் மாறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஆண்களின் துணிச்சலுக்கு முறத்தில் இலை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த பெண்கள் கூலி கட்டினார்கள். மாறப் போகிறவர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது வீட்டில்தான்: எத்தனை மாசம் குறைந்த வருமானத்தில் ஓட்ட முடியும், யார் எதைத் தாங்குவார்கள் என்று.

வேகம் அவருக்கு வரவே இல்லை. லோயர் தேர்வோடு நின்றுவிட்டார். ஆனால் டைப்ரைட்டர் கீபோர்டு அவருக்கு அந்நியமாக இல்லை. அதிலும் ‘கொ’ என்றால் கொம்பு, ககரம், கால் என்று கேஸில் கை போன அதே வரிசைதான். 1999ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தபோது, அதில் ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் போதும் என்று காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பழையதற்கே திரும்பிவிட்டார்.

அவரிடம் விலைபோனது வேறு. ஒருவர் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்தால், நாலு தாளைப் புரட்டிவிட்டு இது டெம்மி அளவில் இத்தனை பாரம் வரும் என்பார். கடைசியில் ஓரிரு பக்கம்தான் கூடக் குறைய இருக்கும். அதை வைத்து வாடிக்கையாளரிடம் அன்றைக்கே விலை பேச முடிந்தது. ஒற்று மிகும் இடம், லகர ளகரம் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. என் பின்னால் நின்று, “எம்மா, அந்த வரியில வெள்ளை ஓடுது பாரு” என்பார். சொற்களுக்கு நடுவே இடைவெளி அகன்று, வரிக்கு வரி வெள்ளைக் கோடாக இறங்கியிருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் எந்தச் சமூகத்தில் தாய்மாமன் பெயர் எங்கே வரும், காலமானவரின் பெயரை எப்படிப் போடுவது, அழைப்பவர் வரிசையில் மூத்தவர் யார் என்று அவரைத்தான் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் கடைக்குள் வந்ததும் “அண்ணாச்சி இருக்காங்களா?” என்றுதான் கேட்டார்கள். யாரும் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இதை அவராகக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் முதலாளியின் மனைவி சொன்னார்: “உங்ககிட்ட ஆளுங்க என்னென்ன கேக்க வர்றாங்கன்னு ஒரு வாரம் எழுதி வையுங்க, அண்ணாச்சி.” அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். அந்தத் தாளை நான் பார்த்தேன். கோப்பது சம்பந்தமாக ஒரு வரிகூட அதில் இல்லை. புரூஃப், பக்க மதிப்பீடு, வாசகம் எழுதித் தருவது, காகித அளவு, நாள் நட்சத்திரம், இவைதான் இருந்தன. அதற்குப் பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி புரூஃப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் அச்சகத்துக்கு மட்டுமில்லாமல், தெருவில் இருந்த மற்ற மூன்று இடங்களுக்கும். என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது இந்தத் தாளைத்தான். செய்கிற வேலையின் பெயரை விட்டுவிட்டு, மற்றவர்கள் உங்களிடம் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

அதே கூடத்தில் இன்னொருவர் இருந்தார். எல்லாரையும்விட வேகமான கை அவருடையது. வாசிக்காமலே கோப்பார், எழுத்தை எழுத்தாகப் பார்த்தே கை ஓடும், தப்பும் குறைவு. அந்த வேகம்தான் அவர் மரியாதை. கம்ப்யூட்டர் வந்ததும் தமிழ்நாட்டில் யாருக்கும் தேவைப்படாமல் போனது அந்த ஒன்றுதான். இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் என்று அவர் காத்திருந்தார். அச்சகம் கேஸை நிறுத்தியபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக ஈய எழுத்தை எடை போட்டுக் கொடுத்தார்கள். அதை அவர் பழைய இரும்புக் கடையில் போட்டார். 1972ஆம் வருஷப் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்த இடத்துக்குத்தான் பொருந்தியது. எங்கள் ஊர் அச்சகங்களில் பெரும்பாலும் ஐந்தாறு பேர்தான். இருபது வருஷம் நின்ற கால்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ஒரு ஜவுளிக்கடையில் இரவுக் காவலுக்குப் போனார். அவர் சோம்பேறி இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. அவருக்கு நேரமும் பணமும் கொடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை.

மெஷின்மேன்கள் தப்பித்தார்கள். டிரெடில் மெஷினை யாரும் தூக்கி எறியவில்லை. பில் புத்தகத்துக்கு எண் போட, துளைக்கோடு போட, அட்டையை மடிப்புக்கு அழுத்த அது வேண்டியிருந்தது. அதே ஆள், அதே மெஷின், வேறு வேலை. எந்தக் கருவி முதலில் போகும், எது தங்கும் என்று முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால், கம்பாசிட்டர்களிலும் இரண்டு பேர் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கலாம்.

அரசு உதவியும் இருந்தது. 1993ல் பிரதமர் ரோஜ்கார் யோஜனா வந்தது. தொழில் தொடங்க வங்கிக் கடன். அதில் கடன் வாங்கித்தான் நான் பின்னால் தனியாகக் கடை போட்டேன். வயது வரம்பு 35. அண்ணாச்சி எப்போதோ அதைத் தாண்டியிருந்தார். தொழில் அழிந்து நின்றவர்களில் பாதிக்கு மேல் நாற்பதைக் கடந்தவர்கள், திட்டமோ இளைஞர்களுக்கு. வேலை மாற நினைக்கிறவர் எந்தக் கடனுக்கு என்ன வயது, என்ன படிப்பு கேட்கிறார்கள் என்பதை வயது இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. அண்ணாச்சியை என் கடையில் உட்கார வைத்தேன். கண் மங்கும் வரை புரூஃப் பார்த்தார்.

இப்போது என் தொழிலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 2010ல் அரசு யூனிகோடை ஏற்ற பிறகு, பழைய ஃபான்டில் அடித்த ஃபைல்களை மாற்றிக் கொடுப்பதே சில வருஷம் வேலையாக இருந்தது. இன்று எழுத்தாளர்கள் போனில் பேசியே டைப் செய்து அனுப்புகிறார்கள். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் டிசைனையும் போனிலேயே கொண்டுவருகிறார்கள். அடிக்கிற வேலை சுருங்கிவிட்டது. திருத்துகிற வேலை கூடியிருக்கிறது, ஆனால் அது இரண்டு பேருக்குச் சோறு போடாது.

என் கடையில் இருக்கிற இரண்டு பெண்களிடமும் இதை ஒளிக்காமல் சொன்னேன். ஒருத்தி புரூஃபில் நின்றுகொள்கிறேன் என்றாள்; அவளுக்கு இலக்கணம் உண்டு. இன்னொருத்தி ஒரு வாரம் குறித்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். முழுக்கக் கடைக்காரர்கள், முழுக்க பில் புத்தகம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஊரில் ஒவ்வொரு கடையும் பில் புத்தகத்தை மாற்றி அடித்தது; அத்தனையும் அவள் கையில் போனவை. யாருக்கு என்ன வரி விகிதம், எந்தக் கடை எந்த மாதிரி பில் போடும் என்று மனப்பாடமாகத் தெரியும். முருகன்குறிச்சிப் பக்கம் வாரத்தில் மூன்று சாயங்காலம் கணக்கு எழுதுகிற டேலி மென்பொருள் படிக்கப் போகிறாள். அந்த நாட்களில் நாலு மணிக்கே விட்டுவிடுகிறேன், சம்பளத்தில் பிடிப்பதில்லை. ஒரு மருந்துக்கடைக்காரர், கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறாயாம்மா என்று இப்போதே கேட்டிருக்கிறார். படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் மாசம் ஒரு நாள் வந்து பழகிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள்.