கடாரத்துத் தொல்லிடங்கள்: மறைப்பதா, அறிவிப்பதா?

தொல்லிடம் ஒன்றின் சரியான அமைவிடத்தை வெளியிடலாமா, மறைத்து வைக்க வேண்டுமா என்னும் வினா ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் மறைப்பதன் பக்கமே நிற்கிறது. கேடு நேருமெனில் இருப்பிடத்தைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கலாகாது என்பது அதன் விதி. யூட்டா மாநிலத்து ரேஞ்ச் கிரீக் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருந்த குடும்பமொன்று 1951 முதல் அரை நூற்றாண்டுக் காலம் அயலாரை உள்ளே விடாது காத்தது. அதனால் ஃபிரமாண்ட் பண்பாட்டுக் குடியிருப்புகளும் தானியக் களஞ்சியங்களும் பெரிதும் கைபடாமல் தப்பின. வெளியுலகு அவற்றை அறிந்தது 2004இல்தான். இதைக் கொண்டு மறைப்பே காப்பு என்று முடிவுகட்டுவோர் உளர். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் வரலாறு அம்முடிவை அப்படியே ஏற்க விடவில்லை என்பது நம் கருத்து.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கொள்கை. ஜெராய் மலைச் சாரலிலும் ஆற்றோரங்களிலும் சிதறிக் கிடந்த கோயில் அடித்தளங்களைக் குவாரிட்ச் வேல்ஸ் தம் துணைவியாருடன் 1936-37ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தார். ஏறத்தாழ முப்பது இடங்களுக்கு எண் இட்டு, ராயல் ஆசியக் கழக மலாயாக் கிளையின் இதழில் 1940இல் அறிக்கை வெளியிட்டார். இன்றும் அக்கோயில்களுள் பலவற்றை அவர் இட்ட எண்ணாலேயே குறிக்கிறோம்.

மறைக்க விரும்புவோர் கூறும் காரணம் பொய்யன்று. 8ஆம் எண்ணுடைய புக்கிட் பத்து பாஹாட் கோயிலை 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் ஆய்ந்து மீட்டமைத்தபோது கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன், வெள்ளித் தகடுகளும் மணிகளும் இருந்தன. கோயிலடியில் புதையல் என்ற பேச்சு பரவ இதற்குமேல் என்ன வேண்டும்? புதையல் தேடுவோனுக்குப் பேழை மட்டும் போதும். அது எந்தக் கல்லின் கீழ், எந்தத் திசையில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே வரலாற்று மாணவனுக்கு வேண்டுவது. தோண்டியெடுத்த பின் அதனைத் திரும்பப் பெற இயலாது.

ஆயினும் 11ஆம் எண் கோயிலை அழித்தவர்கள் புதையல் தேடியவர்கள் அல்லர். சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த அக்கோயில், நில மேம்பாட்டுப் பணியின்போது இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. அந்நிலம் தனியார் உடைமை. கோயிலோ அரசிதழில் அறிவிக்கப்படாதது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தும் பயனில்லை. இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அக்கோயில் மறைவாக இருந்ததில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வேடுகளில் அச்சேறியிருந்தது. ஆய்வாளர் அறிந்த ஓரிடம், அதைக் காக்கும் கடமையை ஒருவர் மீது சுமத்தும் ஆவணத்தில் மட்டும் ஏறவில்லை.

ஆகவே 'மறைப்பதா' என்பதோடு 'யாரிடமிருந்து' என்றும் கேட்க வேண்டியுள்ளது. ரேஞ்ச் கிரீக்கில் நிலத்துக்குரியவரே காவலராகவும் இருந்தார். அங்கே காத்தது மறைவு மட்டுமன்று, அந்த மனிதரின் பிடிவாதமும்தான். கெடாவிலோ தொல்லிடங்கள் பல தோட்டங்களுக்குள் கிடக்கின்றன. நிலம் கைமாறும்போது பத்திரத்தில் எழுதப்படாத எதுவும் புதிய உரிமையாளருக்குச் சென்று சேர்வதில்லை.

மெர்போக் அருங்காட்சியக வளாகத்துக்கு இடம்பெயர்த்துக் கட்டப்பட்ட கோயில்களும் உண்டு. அவை பிழைத்தன, அவற்றின் அமைவிடம் பிழைக்கவில்லை. பெங்காலான் பூஜாங்கின் செங்கற்றளம் ஆற்றுத்துறை வணிகத்தோடு கொண்டிருந்த உறவை, மலைச்சரிவில் நின்று மாணவர்க்கு விளக்குவது எளிதன்று.

பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள் அருங்காட்சியகத்தையும் சுங்கை பத்து அகழாய்வுக் களத்தையும் தயக்கமின்றிக் காட்டலாம். தோட்டத்துள் புதிதாகச் செங்கல் அடுக்கு ஏதும் கண்ணில் பட்டால், படமெடுத்துப் பலருக்கும் அனுப்புவதை விட, இடக்குறிப்புடன் அருங்காட்சியகத்துக்கும் மாவட்ட நில அலுவலகத்துக்கும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நலம். கட்டுரையில் எழுதும்போது மாவட்டமும் அருகிலுள்ள ஆற்றின் பெயரும் போதும்.