வெள்ளித்திரையில் ஆசிரியர்

ஆசிரியரைத் தெய்வத்துக்கு நிகராகப் போற்றும் மரபு நம்முடையது. தமிழ்த் திரைப்படம் அவரை எவ்வாறு காட்டியது?

1994-இல் வெளிவந்த கே. எஸ். சேதுமாதவனின் 'நம்மவர்', நெறி பிறழ்ந்த கல்லூரியை ஒரு பேராசிரியர் திருத்துவதைச் சித்திரித்தது. 2011-இல் வந்த சற்குணத்தின் 'வாகை சூட வா' 1966-ஆம் ஆண்டுச் சூழலில் நிகழ்வது. அரசு வேலையை நாடிச் சிற்றூருக்கு வரும் இளைஞனைச் செங்கற்சூளைச் சிறுவர்களே ஆசிரியனாக்குகின்றனர். இரண்டுமே சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றவை.

முன்னது ஆசிரியரை வீரராக்கிற்று. பின்னதோ, பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குக் காரணம் சோம்பலன்று, கணக்கறியாது சுரண்டப்படும் குடும்பத்தின் வறுமையே என உணர்த்திற்று. வீரரைக் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். காரணத்தைக் கண்டபின் அங்ஙனம் திரும்ப இயலாது. நம் பட்டினப்பாக்கத்திலும் அத்தகைய பிள்ளை ஒன்று இருப்பின், அதனைத் தேடிச் செல்வதே ஆசிரியரைப் போற்றும் நெறியாகும்.