திரிப்போலினா: ஒரு கதிரையின் பெயர்

தளபாடங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை வடிவமைத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் வரைந்தார், எந்த ஆண்டு, எந்த மரம் என்ற விபரங்களோடு அது நின்றுவிடும். அதில் யார், எங்கே, எந்த அதிகாரத்தோடு அமர்ந்தார் என்ற கேள்வி எழுவதில்லை. பழம்பொருட் கடைகளில் புதுப்பிக்கப்பட்டு விலைக்கு வரும் 'திரிப்போலினா' என்ற இத்தாலியச் சாய்கதிரையை முன்வைத்து இக்கேள்வியைக் கேட்கலாம்.

குறுக்காகப் பிணைந்த மரச்சட்டங்கள், உலோகப் பிணைச்சல்கள், சட்டங்களின் நான்கு நுனிகளில் மாட்டித் தொங்கவிட்ட ஒரு தோல். மெத்தையுமில்லை, சுருள்வில்லுமில்லை. தோலைக் கழற்றிச் சட்டத்தை மடக்கினால் ஒரு கட்டு விறகுபோலத் தூக்கிச் செல்லலாம். 1877இல் பிரித்தானியாவில் இவ்வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பெவர்லி பென்பி என்ற பொறியியலாளர். படைமுகாம்களிலும் நெடும்பயணங்களிலும் பயன்பட்ட பொருள் அது. வட ஆபிரிக்காவில் இத்தாலியப் படையினர் இதனைப் பயன்படுத்தினர். 1930களில் இத்தாலியத் தயாரிப்பாக, தோல் இருக்கையுடன், திரிப்போலியின் பெயரைச் சூடிக்கொண்டது. இத்தாலிய மொழியில் 'திரிப்போலிக்காரி' என்றும் அச்சொல் பொருள்படும்.

திரிப்போலியில் இத்தாலி படை இறக்கியது 1911இல். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் திகதி இத்தாலிய விமானியொருவர் கையால் எறிந்தவைதாம் போரொன்றில் விமானத்திலிருந்து வீசப்பட்ட முதற் குண்டுகள். கிழக்கே சிரெனெய்க்காவில் எதிர்ப்பு இருபது ஆண்டுகள் ஓயவில்லை. அதனை முறிப்பதற்காக 1930இல் பதொலியோவும் கிறசியானியும் எடுத்த வழி, போராளிகளை விட்டு மக்களைப் பிடிப்பது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஆடு ஒட்டகங்களுடன் பச்சைமலைப் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்டு, சொலுக், எல் அகெய்லா, மர்சா பிறேகா ஆகிய இடங்களில் முட்கம்பிகளுக்குள் அடைக்கப்பட்டனர். பசியிலும் நோயிலும் மாண்டோர் பல்லாயிரம். துல்லியமான தொகை இன்றும் விவாதத்துக்குரியது. 1931 செப்டம்பர் 16இல், குர்ஆன் ஆசிரியராயிருந்து போராளியான, எழுபது வயது கடந்த ஓமர் முக்தார் சொலுக்கில் முகாம்வாசிகளின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். 1938இல் ஒரே தடவையில் சுமார் 20,000 இத்தாலியர் லிபியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். குடியேற்றத் திட்டம் என்றால் என்னவென்று இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதற்கெல்லாம் கதிரையா பொறுப்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதே 1938இல் புவனெஸ் அயர்ஸில் பொனெற், குர்சான், பெராரி ஹார்டோய் என்ற மூவர் மரத்துக்குப் பதிலாக உருக்குக் கம்பியை வளைத்து இதனையொத்த கதிரையொன்றைச் செய்தனர். நியூயோர்க் நவீன கலை நூதனசாலைவரை சென்ற அதற்கு அம்மூவரின் முதலெழுத்துக்களே பெயராயின. ஆகவே வடிவத்தை நான் குற்றஞ்சாட்டவில்லை. எனது அக்கறை பெயரைப் பற்றியது. 'கதிரை' என்ற எமது சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. ஆண்டவர்களின் சொல் ஆளப்பட்டோரின் வாயில் தங்கிற்று. இங்கோ ஆளப்பட்ட நகரின் பெயர் ஆண்டவர்களின் இருக்கையில் ஏறியிருக்கிறது.

புதுப்பித்தல் நுணுக்கமான வேலை. உலர்ந்து வெடித்த தோலுக்கு மெதுவாக எண்ணெயூட்ட வேண்டும். உடற்பாரம் முழுவதும் இறங்கும் நுனிப் பைகளே முதலிற் கிழியும். அவற்றுக்கு உட்புறமாகப் புதுத்தோல் வைத்துத் தைக்க வேண்டும். மரத்தைச் சுரண்டிப் புதிதாக்கினால் அதன் வயது போய்விடும். நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நிற்பவன் என்ற வகையில் அந்தக் கைகளை மதிக்கிறேன். எனினும் இவ்வளவு கவனமாக வயதைக் காப்பாற்றும் இதே வணிகம், விற்பனைச் சீட்டில் 'காலனியப் பாணி' என்று எழுதிவிடுகிறது. ஓர் ஆட்சிமுறை இங்கே அலங்காரப் பாணியாகச் சுருங்கிவிட்டது.

இம்மறதி கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. முக்தாரைப் பற்றி 1981இல் வெளிவந்த 'பாலைவனச் சிங்கம்' திரைப்படத்தை, இராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று கூறி 1982இல் இத்தாலிய அரசு தடுத்தது. 2008இல் பெங்காசியில் பெர்லுஸ்கோனி மன்னிப்புக் கேட்டு, ஐந்து பில்லியன் டொலர் இழப்பீட்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அடுத்த ஆண்டில், கடாபி ரோமுக்கு வந்திருந்த வேளையிலேதான், அத்திரைப்படம் இத்தாலியத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது.