யூலை 29 : ஒரு திகதியும் ஒரு பாதையும்

இளைஞர் மன்றங்களின் அறிவித்தற் பலகைகளிலே 'இன்று' என்று தலைப்பிட்டுச் சில வரிகள் எழுதிவைக்கும் வழக்கமுண்டு. இன்னார் பிறந்த நாள், இன்ன போர் மூண்ட நாள், இன்ன அணி கேடயம் வென்ற நாள் என்று அவை அமையும். போவோர் வருவோர் ஒரு கணம் நின்று படிப்பர். மறுநாள் அவ்வரிகள் அழிந்து வேறு வரிகள் ஏறும். இந்த நல்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. யூலை மாதம் 29 ஆந் திகதிக்குரிய வரிகளைப் பற்றி மட்டும் மாத்தளை மாவட்டத்து இளைஞரிடம் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம். 1981 இல் ஆங்கில இளவரசர் சார்ள்சுக்குத் திருமணம் நடந்ததும், 1883 இல் இத்தாலிய சர்வாதிகாரி முசோலினி பிறந்ததும் அத்திகதியிலேயாம். இவற்றை எழுத எவரும் மறப்பதில்லை. அதே திகதியில், 1848 ஆம் ஆண்டிலே, எமது நகரத்தின் வாயிலில் நடந்த ஒன்று பலகையில் ஏறுவதோ அரிது.

எமது பெரியோர் நாளை இங்கிலீசுத் திகதியாற் கணிப்பதில்லை என்பதை நாம் அறிவோம். நாயன்மார் குருபூசையை நட்சத்திரங்கொண்டே நடத்துகின்றோம். முன்னோர் கடனைத் திதி பார்த்தே செய்கின்றோம். ஆனால் அரசாங்கங்களும் சிப்பாய்களும் விளையாட்டுக் கழகங்களும் திகதியைக்கொண்டே இயங்குவதால், இங்கே பஞ்சாங்கத்தைச் சற்று மூடிவைக்கப் பெரியோர் அனுமதி தருவார்களாக.

1847 இல் தொரிங்டன் பிரபு இலங்கையின் தேசாதிபதியாகப் பதவியேற்றபோது ஐரோப்பாவிற் கோப்பியின் விலை சரிந்துகொண்டிருந்தது. அதனோடு அரசாங்கத்தின் வருமானமுஞ் சரிந்தது. குறையை நிரப்பக் கிராமத்தவர்மேல் வரிகள் வந்து விழுந்தன. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி, கடைக்கு வரி. போதாக்குறைக்கு வீதிச் சட்டம் ஒன்றும் வந்தது. வயதுவந்த ஆண்மகன் ஆண்டுக்கு 6 நாள் கூலியின்றி வீதி வேலை செய்தல் வேண்டும். அன்றேல் 3 சிலிங் கட்டுதல் வேண்டும். கண்டி நாட்டுக் கிராமவாசிக்குத் துப்பாக்கியும் நாயும் ஆடம்பரப் பொருள்களல்ல. காட்டுப் பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காப்பவை அவையே. 1840 ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தால், உறுதியில்லாத காடுகள் முடிக்குரியனவாகிக் கோப்பித் துரைமாருக்கு விலையானதை அவன் முன்னரே கண்டிருந்தான். இப்பொழுது அக்கோப்பியை ஏற்றிச் செல்லும் வீதியையும் தானே வெட்டவேண்டும் என்றால் எப்படிப் பொறுப்பான்?

யூலை 26 ஆந் திகதி தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா என்பவருக்குக் கிரானேகம தேரர் முடிசூட்டினார். அவருக்கு அடுத்தபடியாய் நின்றவர் மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு. கரையோரத்தில் பிறந்த ஒருவர் கண்டி நாட்டாரின் கலகத்துக்கு முன்னணியில் நின்றார் என்பது மனத்திற் கொள்ளத்தக்கது. 28 ஆந் திகதி அவர்கள் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். கோபம் எதன்மேல் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மறுநாள் சனிக்கிழமை, யூலை 29. கண்டியிலிருந்து விரைந்த பிரித்தானியப் படை வாரியப்பொலவில் அவர்களை எதிர்கொண்டது. பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கு முன் கிராமத்தவரின் ஆயுதங்கள் நெடுநேரம் நிற்கவில்லை. புரன் அப்பு பிடிபட்டார். அன்றே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஓகஸ்ட் 8 இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 26 இல் குடாபொல தேரர் காவியுடையுடனேயே நிறுத்திச் சுடப்பட்டார். எல்கடுவையில் ஒளிந்திருந்த பண்டா செப்டெம்பர் 21 இல் அகப்பட்டார்; அவருக்கு விதித்த மரணதண்டனை 100 கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறியது. இக்கொடுமைகளின் செய்தி இலண்டன் பாராளுமன்றம் வரை எட்டி, விசாரணைக் குழுவும் அமைந்தது. 1850 இல் தொரிங்டன் பிரபு திருப்பியழைக்கப்பட்டார்.

இனி, நாம் சொல்ல எண்ணிய செய்திக்கு வருகிறோம். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குக் கலகக்காரர் வந்த அதே வழியாக, அதே ஆண்டுகளில், வேறொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே ஏறக்குறைய 150 மைல் நடந்து, கோப்பித் தோட்டங்களைத் தேடி வந்த எம் முன்னோரே அக்கூட்டத்தார். கங்காணி முன்னே, குழந்தை இடுப்பிலே, சட்டி பானை தலையிலே. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் பலரைப் பலிகொண்டன. காடு கடந்து தப்பியவர்களுக்கு மலைநாட்டின் முதல் வாயில் மாத்தளை. அம்மை நோயைத் தணிக்கும் தாயாகிய முத்துமாரி இவ்வூரிற் கோயில் கொண்டதையும், மாசிமகத்திலே ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதையும் அந்த நெடும்பாதையோடு சேர்த்தே நாம் நினைக்கவேண்டும்.

1848 ஐப் பற்றிச் சிங்களவர் எழுதினால், காணியிழந்து வரியால் நொந்த கிராமவாசி அதிலே நிற்பான். துரைமார் எழுதியபோது, கொள்ளைபோன தோட்ட பங்களாக்கள் அதிலே நின்றன. அத்தோட்டங்களின் லயங்களில் அன்று கிடந்தவர்களுக்கு இரு பக்கத்து ஏடுகளிலும் இடங் கிடைப்பது அரிதாயிற்று. கிராமவாசிக்கு எம்மவர் துரையின் ஆட்கள். துரைக்கு எம்மவர் வெறும் தலைக்கணக்கு. ஒரே கோப்பியே இருவரையும் வருத்தியது என்பதை எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே யூலை 29 ஐ 'அது அவர்களுடைய நாள்' என்று எம்மிளைஞர் ஒதுக்கிவிடுதல் தகாது என்பதே எமது துணிபு. அது கிராமவாசியின் நாள்தான். அவன் நடந்த பாதையோ எமக்கும் உரியது.

வெறுங்காலோடு நடந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, வெறுங்காலோடு ஓடியவர்களும் நினைவுக்கு வருகின்றார்கள். 1911 யூலை 29 இல், கல்கத்தாவிலே, மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவை 2 க்கு 1 என்ற கணக்கில் வென்று, உதைபந்தாட்டத்துக்குரிய ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. 1893 இல் அப்போட்டி தொடங்கியது முதல் எந்த இந்திய அணியும் அதனை வென்றதில்லை. பதினொருவருள் சப்பாத்து அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலர். முதலில் வெள்ளையரே ஒரு கோல் அடித்தார்கள். அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமப்படுத்த, ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். மைதானத்தில் இடங்கிடையாது தூரத்தே நின்ற கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்களாம். அரசியல் மேடைகளிற் பேசிப் பேசி உண்டாக்க முடியாத தன்னம்பிக்கையை ஒரு மாலைநேரம் உண்டாக்கியது என்றால் மிகையாகாது. இற்றைவரை யூலை 29 'மோகன் பகான் நாள்' என்று கொண்டாடப்படுகிறது. உதைபந்தாடும் எமது இளைஞர் இதைக் கட்டாயம் பலகையில் எழுதுவார்கள், எழுதட்டும்.

மாத்தளைக் கலகத்தின் சரியான நூற்றாண்டு நாளில், 1948 யூலை 29 இல், இலண்டன் வெம்பிளி மைதானத்திலே ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஒலிம்பிக் விழாவைத் தொடக்கிவைத்தார். சுதந்திரம் பெற்று ஆறு மாதம் நிறையாத இலங்கை அணிவகுப்பிலே நடந்தது. ஒலிம்பிக்கில் இலங்கை கலந்துகொண்டது அதுவே முதன்முறை. இரண்டு நாள் கழித்து, கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவராயிருந்த டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த பதக்கத்துக்காக இந்நாடு 2000 ஆம் ஆண்டில் சுசந்திகா ஓடும்வரை 52 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே, ஓகஸ்ட் 20 இல், பிரசாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நவெம்பர் 15 இல் அமுலாயிற்று. ஏறக்குறைய 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். கோப்பி போய்த் தேயிலை வந்திருந்தது. வரியேடு போய்ப் பிரசாவுரிமை ஏடு வந்தது. 1988 இலும் 2003 இலும் நிறைவேறிய சட்டங்களாலேயே அக்குறை தீர்ந்தது. ஒரு தலைமுறையின் வாழ்நாள் முழுவதும் அதற்குச் செலவாயிற்று.

பிறந்த நாள்களை விரைந்து சொல்லிவிடுவோம். ஜே. ஆர். டி. டாட்டா 1904 இல் பாரிசிற் பிறந்தார். 1932 ஒக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே விமானத்தில் தபால் கொண்டுவந்தவர். அத்தபால் அங்கிருந்து சென்னைக்கும் பறந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாயிருந்து, 1961 இல் ஆபிரிக்காவிற் சமாதானப் பணிக்காகச் செல்லும்போது விமான விபத்தில் மாண்ட டாக் ஹாமர்ஷெல்ட் 1905 இல் பிறந்தார். முன்னே கூறிய முசோலினிக்கும் இவருக்கும் பிறந்த திகதி ஒன்றே! திகதியைக்கொண்டு குணங் கூறுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்களோ? 1980 ஆம் ஆண்டு இதே நாளில் மொஸ்கோவிலே இந்திய ஹொக்கி அணி ஸ்பெயினை 4 க்கு 3 என வென்று எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. அணித்தலைவர் எம் தமிழர் வாசுதேவன் பாஸ்கரன்.

1983 யூலை 29 ஐ எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால், மேலே எழுதியவையும் பொருளிழந்து போகும். அது ஒரு வெள்ளிக்கிழமை. அவ்வாரத்து வன்செயல் தணிகிறது என்று எண்ணிய வேளையில், புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டனர் என்றொரு வதந்தி பரவ, மீண்டும் உயிர்கள் பறிபோயின. அந்த யூலையில் மாத்தளையும் தப்பவில்லை. எம் அம்மன் கோயிலும் தீக்குத் தப்பவில்லை. நான்காண்டு கழித்து, 1987 இல், அதே திகதியிலே ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டனர். சமாதானம் வந்துவிட்டது என்று நம்பினோர் பலர். போர் முடிந்ததோ 2009 இல். இடையிலே, 1999 இல், இதே யூலை 29 இல், அரசியற் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் கொழும்பு வீதியில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை வரைவதிற் பங்குகொண்டவர் அவர்.

உடன்படிக்கையால் நிலைத்தவை சில உண்டு. அவ்வாண்டு நவெம்பரில் நிறைவேறிய 13 ஆம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்ததோடு, தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1848 இல் வரியேடுகள் அழிக்கப்பட்ட மாத்தளைக் கச்சேரிக்குப் போய்த் தமிழிலே ஒரு படிவத்தைக் கேட்டுப் பெற இன்று எம்மவர் எவருக்கும் உரிமையுண்டு. கேட்கும் பழக்கந்தான் எம்மிடம் இன்னும் வளரவில்லை.

2023 ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, ஆணும் பெண்ணுமாகப் பலர் தலைமன்னாரிலிருந்து அப்பழைய பாதையில் நடந்து வந்தார்கள். யூலை இறுதியிற் புறப்பட்டவர்கள், வழியெங்கும் மூவின மக்களின் வரவேற்பைப் பெற்று, தம்புள்ளை கடந்து, ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தார்கள். புரன் அப்பு சுடப்பட்ட ஓகஸ்ட் 8 ஆந் திகதி, அவர்கள் அப்பாதையில் நடந்துகொண்டிருந்த நாள்களுள் ஒன்று.